மானிப்பாய் ஆஸ்பத்திரியின் தாள்கள்

யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகள்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 12

சென்ற அத்தியாயத்தில் யாழ்ப்பாணப் பட்டணத்தின் பெரியாஸ்பத்திரி எப்படித் தோன்றியது என்று பார்த்தோம். அரசாங்க அதிபர் டைக்கின் ஆதரவோடு 1850இல் தொடங்கிய அந்த வைத்தியசாலையைப் பின்னர் அரசு பொறுப்பேற்றது. அதனால் அதன் கதையின் பெரும்பகுதியை அரசாங்கக் கோவைகளில் தேடலாம். மானிப்பாய்க்கு வந்தால் நிலைமை வேறு. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, 1848இல் மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்திய வகுப்பையும் தொடங்கினார். இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்து 1862இல் மீண்டும் வந்து 1873 வரை பணிபுரிந்தார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1864 முதல் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பெரிய பெரிய நூல்கள் அவருடைய பொறுப்பில் தமிழில் வந்தன. ஊரவர் இன்றும் கிறீன் ஆஸ்பத்திரி என்று சொல்லும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அந்த முயற்சியின் தொடர்ச்சி. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். இவற்றை நாம் எதைக்கொண்டு அறிந்தோம், எவற்றை அறியாமல் இருக்கிறோம், அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய பொருள்கள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் விடயம்.

கிறீனைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி ஒரு குடும்பம் எடுத்த முடிவிலிருந்து வந்தது. அவர் 1884இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாம் பிறந்த வூஸ்டர் நகரில் காலமானார். மானிப்பாயிலிருந்து உறவினருக்கு அவர் எழுதிய கடிதங்களை வீட்டார் எறியாமல் வைத்திருந்தார்கள். 1891இல் எபனேசர் கட்லர் அவற்றைத் தொகுத்துக் கிறீனின் வாழ்க்கையும் கடிதங்களும் என்ற நூலாக்கினார். கடைக்கு வந்த நூலல்ல அது. குடும்பத்தின் நண்பர்களுக்காக அச்சிடப்பட்டது. கிறீன் குடும்பத்தின் பூர்வீக வீடு இருந்த கிறீன் ஹில் என்ற நிலம் 1905இல் வூஸ்டர் நகரசபைக்கு நன்கொடையாக வழங்கப்பட்டுப் பூங்காவாயிற்று. வீடு 1957இல் இடிக்கப்பட்டது. கல்லும் மரமும் போயின, கடிதங்கள் நிற்கின்றன. மானிப்பாய் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், கொள்ளைநோய்க் காலத்தில் என்ன செய்தார்கள், தமிழில் கற்பிக்க வேண்டும் என்று கிறீன் ஏன் பிடிவாதமாக நின்றார் என்பனவற்றை ஆய்வாளர்கள் அந்த நூலில்தான் முதலில் தேடுகிறார்கள். கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதி இந்தக் கதையைத் தமிழ் வாசகரிடம் சேர்த்தார். கிறீனின் சொற்கள் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அப்படியொரு நூல் எழுதக்கூடியதாயிற்று. இரண்டாவது பெரிய ஊற்று மிஷன் தலைமையகத்துக்குப் போன அறிக்கைகளும் கடிதங்களும். அமெரிக்க மிஷன் சங்கத்தின் அந்த ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஆக, மானிப்பாயில் நடந்ததன் எழுத்துச் சான்று பெரும்பாலும் மானிப்பாய்க்கு வெளியே, அனுப்பியவர்களின் பார்வையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

மறுபக்கத்தைப் பாருங்கள். கிறீனின் தமிழ் நூல்கள் அவர் ஒருவர் செய்த வேலையல்ல. டன்வோத், சாப்மன், வில்லியம் போல், சுவாமிநாதன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். கிறேயின் உடற்கூற்று நூல் போன்ற ஒன்றைத் தமிழாக்குவதற்கு எத்தனை இரவுகள் விளக்கெண்ணெய் எரிந்திருக்கும்! ஆனால் இந்த மனிதர்கள் எந்த வீட்டில் பிறந்தார்கள், படித்து முடித்தபின் எந்த ஊரில் வைத்தியம் பார்த்தார்கள், நோயாளியிடம் காசு வாங்கினார்களா நெல் வாங்கினார்களா, கிறீன் போனபின் தமிழ் வகுப்பு நீடிக்காததை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும் ஒரு கடிதத் தொகுப்பு நம்மிடம் அச்சில் இல்லை. அவர்களுடைய பெயரே தேடுகிறவருக்குத் தடையாகிறது. டன்வோத், சாப்மன் என்றவுடன் வெள்ளைக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பாடசாலையில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றால், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அக்கால வழக்கம். பணம் கொடுத்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. தாய் தகப்பன் வைத்த பெயர் அதன் அடியில் மறைந்தது. அந்தப் பெயரை மீட்க மிஷன் அறிக்கை போதாது. காணி உறுதி, சாதகக் குறிப்பு, கல்யாணப் பதிவு, குடும்ப வேதப்புத்தகத்தின் முன்தாளில் எழுதிய பிறப்பு இறப்பு விவரம் ஆகியவைதான் உதவும். இவை ஒன்றும் ஆஸ்பத்திரி அலுமாரியில் இருப்பவை அல்ல.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஓர் ஊர் வைத்தியசாலையின் வரலாறு, அதற்கு என்னென்ன கொடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதிகாரியின் குடும்பம் கொடுத்தால் அதிகாரியின் வரலாறு வரும். தாதிமாரின் குடும்பங்களும் மருந்து கலக்கியவரின் பேரப்பிள்ளைகளும் நோயாளிகளின் வழிவந்தவர்களும் கொடுத்தால் ஆஸ்பத்திரியின் வரலாறு வரும். மானிப்பாயைப் பொறுத்தவரை முதல் வகை நன்கொடை 1891இலேயே நடந்துவிட்டது. இரண்டாவது வகை 130 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு இனியும் நீளமுடியாது என்பதற்கு நம் மண்ணின் அனுபவமே சான்று. 1981 ஜூன் முதலாம் நாள் விடியுமுன் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வில், மானிப்பாய் உட்பட அப்பகுதி முழுவதும் கைக்குழந்தையும் உடுதுணியுமாக வெளியேறியது. அந்த அவசரத்தில் பாட்டன் படித்த வைத்தியப் புத்தகத்தை எத்தனை பேரால் தூக்க முடிந்திருக்கும்? திரும்பி வந்தபோது கூரையில்லாத வீட்டில் பெட்டகம் இருந்ததா என்பதே கேள்வி. எஞ்சியவற்றில் ஒரு பகுதி கறையானுக்கும் மாரிமழைக்கும் போயிருக்கும். இன்னொரு பகுதி சூட்கேசில் ஏறி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போயிருக்கும். அங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராவிட்டால், வீடு மாறும்போது அந்தக் கட்டுத்தாள்கள் குப்பைக்குத்தான் போகும்.

குடும்பத் தாள்கள் கிடைத்தால் வரலாறு எப்படி மாறும் என்பதற்கு ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். கிறீன் ஆங்கில வகுப்பை விட்டுத் தமிழ் வகுப்புக்கு மாறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி யாழ்ப்பாணத்துக்கு வெளியே போனார்கள், கிராமங்களுக்கு வைத்தியர் மிஞ்சவில்லை என்பது. இது கிறீன் தரப்பின் விளக்கம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள்? ஊரில் மேலைநாட்டு வைத்தியத்துக்குக் கூலி கிடைக்கவில்லையா? சாதி காரணமாகச் சில வாசல்கள் அவர்களுக்கு அடைக்கப்பட்டனவா? மதம் மாறியவர் என்று உறவினர் ஒதுக்கினார்களா? பரம்பரை நாட்டு வைத்தியர்களோடு போட்டியிட முடியவில்லையா, அல்லது சிலர் இரண்டு முறைகளையும் சேர்த்தே கையாண்டார்களா? ஒரு மாணவரின் நியமனக் கடிதம், அவர் வீட்டுக்கு அனுப்பிய காசுக் கணக்கு, மருந்து கொடுத்த பேரேடு, மாமனாருக்கு எழுதிய ஒரு தபால் ஆகிய நான்கு தாள்கள் கிடைத்தால்கூட இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு விடை நெருங்கும். மருந்துப் பேரேட்டில் கொயினா பக்கத்தில் வேப்பெண்ணெயும் எழுதப்பட்டிருந்தால், பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றை அந்தப் பக்கம் சொல்லிவிடும். வாகட ஏடுகளும் கிறீனின் அச்சு நூலும் ஒரே பெட்டகத்தில் கிடந்தால், அந்த அடுக்கே ஒரு சான்று. பிரித்து வேறு வேறு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டால் அது அழிந்துபோகும். நூலின் ஓரத்தில் மாணவர் எழுதிய குறிப்புக்கும் அதே மதிப்பு உண்டு. எந்தக் கலைச்சொல் அவருக்கு விளங்கவில்லை, எதன்மேல் கோடிழுத்து ஊர்ச்சொல்லை எழுதினார் என்பது, தமிழில் அறிவியல் கற்பித்த முயற்சி எங்கே வென்றது எங்கே தடுமாறியது என்று காட்டும். அச்சுப் பிரதி பல இடங்களில் இருக்கலாம். ஓரக்குறிப்போடு கூடிய பிரதி உலகத்தில் ஒன்றுதான்.

இந்த வேலைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் மறுப்பு, இது மிஷனரிகளுக்கு மாலை போடும் வேலை என்பது. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டு வந்தவர்களின் நினைவை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமற்றதல்ல. கிறீன் தம்மை வைத்தியராக மட்டும் கருதியவர் அல்லர். தமிழருக்கு வந்த வைத்திய நற்செய்தி ஊழியர் என்றே தம்மை எண்ணினார், அவர் கல்லறையிலும் அந்தப் பொருளில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மறுப்பின் முடிவு தவறு. ஊர்க்குடும்பங்களின் தாள்களைச் சேர்க்காமல் விட்டால் மிஷனரிகளின் குரல் மறையாது; அது மட்டுமே நிற்கும். 1891 நூல் ஏற்கனவே பத்திரமாக இருக்கிறது, ஹார்வர்ட் பெட்டிகள் ஏற்கனவே அட்டவணையில் இருக்கின்றன. வைத்தியத்துக்கு வந்து மதத்தை ஏற்காமல் திரும்பிப்போன சைவக் குடும்பங்கள், ஞானஸ்நானம் பெற்றும் பிரிந்துபோன மாணவர்கள், வெள்ளை வைத்தியரோடு வாதாடிய உள்ளூர் உதவியாளர்கள் ஆகியோரின் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. மிஷனை விமர்சிக்க விரும்புகிறவருக்கும் அந்தப் பக்கம் தேவை.

இரண்டாவது மறுப்பு பொருள்களைப் பற்றியது. துருப்பிடித்த கத்தி, உடைந்த கலுவம், மங்கிய மருந்துப் போத்தல் ஆகியவற்றை அடுக்கி வைத்தால் அருங்காட்சியகமாகிவிடுமா என்பது. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். யாருடையது, எந்தக் காலம், எப்படி இந்தக் கைக்கு வந்தது என்று தெரியாத கருவி, எந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றையும் சொல்லாது. அதற்கு மேல் ஓர் ஆபத்தும் உண்டு. பெயர்பெற்ற ஒருவரின் ஊரில் கிடைக்கும் பழைய பொருளெல்லாம் சில ஆண்டுகளில் அவர் தொட்டதாகவே ஆகிவிடும். ஆதாரமில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டிச் சீட்டு, ஆதாரமுள்ள பத்துச் சீட்டுகளின் நம்பகத்தைக் கெடுத்துவிடும். ஆகவே வாங்கும்போதே மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கொடுப்பவர் சொல்வதை அவர் சொன்னபடியே, அவர் சொன்னார் என்ற குறிப்போடு எழுதவேண்டும். அதை உறுதிப்பட்ட உண்மைபோல் எழுதக்கூடாது. ஆனால் கதையோடு வரும் பொருளின் பயன் பெரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியா வைத்தியசாலை 1751இல் தொடங்கியது. லண்டன் வைத்தியர் ஜோன் பொதர்கில் 1762இல் அதற்கு ஒரு மருந்து நூலையும், 18 உடற்கூற்றுச் சித்திரங்களையும், சில வார்ப்புருக்களையும் அனுப்பினார். அந்தச் சித்திரங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயன்பட்டன; அந்த நூல் நாட்டின் முதல் வைத்தியசாலை நூலகத்துக்கு வித்தானது. யார், எப்போது, என்ன நோக்கத்தோடு கொடுத்தார் என்ற பதிவு உடன் இருந்ததால் இன்று அவை வெறும் பழம்படங்களாக நிற்கவில்லை. காலனிக்கால வைத்தியக் கல்வி எப்படி நடந்தது என்பதற்கான சான்றாக நிற்கின்றன. மானிப்பாய்க்கு ஒரு கலுவம் வந்தாலும் அதனோடு ஒரு பக்கக் குறிப்பு வரவேண்டும் என்பதே என் நிபந்தனை.

மூன்றாவது மறுப்பை மிகுந்த மரியாதையோடு அணுகவேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் எழுதப்பட்ட பதிவேட்டைப் பொதுவில் வைக்கலாமா? நம் ஊரில் இந்தக் கூச்சம் ஆழமானது. குட்டநோய், மனநோய், பிள்ளைப்பேற்றில் நேர்ந்த மரணம், கல்யாணத்துக்கு முன் வந்த கர்ப்பம் ஆகியவை மூன்று தலைமுறை கழித்தும் ஒரு குடும்பத்தின் சம்பந்தப் பேச்சைப் பாதிக்கும். பிரித்தானியாவில் நோயாளி விவரம் அடங்கிய வைத்தியசாலை ஆவணங்களைப் பொதுவாக 100 ஆண்டுகளுக்கு மூடிவைப்பார்கள். கிறீன் காலத்துப் பதிவு எதுவும் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. 1930களின் பதிவேடு கடக்கவில்லை. சாதியும் குறிச்சியும் வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடிய யாழ்ப்பாணத்தில் அந்த 100 ஆண்டையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக்கூடாது. சில பக்கங்களை அதற்கும் மேலாக மூடவேண்டியிருக்கும். ஆனால் மூடுவது வேறு, அழிப்பது வேறு. பூட்டிய பெட்டியிலுள்ள பதிவேட்டைப் பிற்காலத்தவர் உரிய வேளையில் திறக்கலாம். எரித்த பதிவேட்டிலிருந்து, எந்தக் கிராமத்தில் எந்த ஆண்டு வாந்திபேதி கூடியது என்பதைக்கூட ஒருவரும் அறியமுடியாது. வெட்கத்துக்கு அஞ்சித் தாள்களை எரித்த குடும்பங்களைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன். அவர்கள் நம்பிக் கொடுக்கக்கூடிய ஓர் இடம் அன்று இல்லை.

எங்கே வைப்பது என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. படம்பிடித்து இணையத்தில் ஏற்றினால் போதும், மூலம் எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துச் செய்திருக்கும் பணி இல்லையென்றால், இன்று ரொறன்ரோவில் இருக்கும் மாணவர் உதயதாரகை என்ற பழைய மிஷன் இதழ் பற்றியோ மிஷன் அச்சகங்கள் பற்றியோ எழுதவே திணறுவார். அந்தப் பணிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் படப்பிரதி மூலத்துக்கு ஈடாகாது. தாளின் வகை, கட்டு, மை, இடையில் செருகிய உலர்ந்த இலை, கிழித்தெடுத்த பக்கத்தின் அடிக்கட்டை ஆகியவை படத்தில் பாதியே வரும். எண்ணிமக் கோப்புக்கும் பராமரிப்பு வேண்டும். யாரும் பாராத வன்தட்டு கறையான் அரித்த பெட்டகத்தைவிடச் சீக்கிரம் கெட்டுவிடும். அதேவேளை 1981 கற்பித்ததையும் மறக்கமுடியாது: ஒரே கட்டடத்தில், ஒரே பிரதியாக எதையும் வைக்கக்கூடாது. பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம், மூலப்பிரதிகள் பிறந்த நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது, பிரதிகள் மட்டும் வெளியே போகலாம் என்ற விதியோடு நிதி வழங்குகிறது. யாழ்ப்பாண ஓலைச்சுவடிகளும் அதன் உதவியால் படம்பிடிக்கப்பட்டிருக்கின்றன. மானிப்பாய்க்கும் அந்த ஒழுங்கே பொருந்தும். மூலம் ஊரில், பிரதி இரண்டு மூன்று வெளியிடங்களில். புலம்பெயர்ந்தவர் கையிலுள்ள மூலத்தை உடனே திருப்பி அனுப்பச் சொல்லவும் மாட்டேன். வாங்கிவைக்கும் அறையும் பொறுப்பான ஆளும் ஊரில் தயாராகும் வரை அவர்கள் கையிலேயே இருக்கட்டும், பிரதி மட்டும் வரட்டும்.

கடைசியாகப் பணம். மருந்துக்கும் தாதிமார் சம்பளத்துக்கும் திண்டாடும் ஒரு சிறிய வைத்தியசாலை பழந்தாளுக்குச் செலவு செய்வது முறையா? நோயாளிக்கு ஒதுக்கிய காசில் ஒரு சதம்கூட இதற்கு எடுக்கக்கூடாது என்பதே என் நிலை. எடுக்கத் தேவையும் இல்லை. முதல் படிக்கு வேண்டியது ஈரமில்லாத ஓர் அறை, இரும்பு அலுமாரி, அமிலமற்ற உறைகள், ஒரு வரவுப் பதிவேடு, வாரத்தில் ஒருநாள் வரக்கூடிய பொறுமையான ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நூலகர்களும் இல்லாத ஊரா மானிப்பாய்? வைத்தியசாலைக்கு வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களை எடுத்துக்கொண்டாலும், பாட்டி பிள்ளை பெற்ற வாட்டு, பெரியப்பா மருந்து கலக்கிய அறை என்ற உறவுதான் பலரை உதவத் தூண்டுகிறது. அந்த உறவுக்கு ஆதாரமான தாளைக் காப்பதால் வைத்தியசாலைக்கு இழப்பொன்றும் இல்லை.

ஆகவே, மானிப்பாயோடு தொடர்புள்ள வாசகர்களுக்கு நேரடியாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கிறீன் ஆஸ்பத்திரியில் படித்த, வேலைசெய்த, பிள்ளைபெற்ற ஒருவரின் தாள் எதுவும் இருந்தால், தாதிப் பயிற்சிச் சான்றிதழ், குழுப்படம், சம்பளத் துண்டு, மருந்துச் சீட்டு, பழைய வைத்தியப் புத்தகம் எதுவானாலும், அதைக் கழுவவோ ஒட்டவோ பிளாஸ்ரிக் உறைபோட்டுச் சூடேற்றி ஒட்டவோ வேண்டாம். படத்திலுள்ளவர்களின் பெயர்களைத் தெரிந்த பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, தனித்தாளில், இடமிருந்து வலமாக எழுதிவையுங்கள். படத்தின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுதாதீர்கள். தாள்கள் கிடந்த அடுக்கைக் கலைக்காதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான்கு வரி எழுதி, தேதியிட்டு, கையெழுத்திடுங்கள். கொடுப்பதா, எப்போது, யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பதைப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். அந்த நான்கு வரியை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.